குதிரைக்கு ஒரு வைத்தியர்

பாண்டியன் தன் மந்திரி வாதவூரரிடம் பொன்னைக் கொடுத்துக் குதிரை வாங்கிவரச் சொன்ன கதை நாம் எல்லோரும் அறிந்ததுதான். பொன் கோயிலாயிற்று, நரி பரியாயிற்று. வந்த பரிகள் இரவோடு இரவாக மறுபடியும் நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடிப்போயின. திருவிளையாடல் என்று கேட்டுப் பரவசப்படுகிறோம். ஆனால் கடிபட்டுக் கிடந்த அந்தப் பழைய குதிரைகளுக்கு யார் மருந்து போட்டார்கள் என்று எந்தப் பௌராணிகரும் சொல்லி நான் கேட்டதில்லை. குதிரைக்குக் கருவூலத்தைத் திறந்துவிட்ட அரசன் குதிரை வைத்தியனுக்கு ஒரு காசு கொடுத்ததாக நான் கேட்ட கதைகளில் இல்லை.

இது புராணம். சரித்திரமும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரையைத் தொட்டுச் சென்ற வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ, இங்கே கடல் வழியாக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் வந்து இறங்குவதையும், ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை மாண்டு போவதையும் எழுதி வைத்திருக்கிறார். காரணமும் சொல்கிறார். இந்நாட்டில் குதிரைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லையாம். சோறு வடித்துப் போட்டு வளர்த்தார்களாம். வேடிக்கை இனிமேல்தான் வருகிறது. குதிரை விற்ற வியாபாரிகள் தங்களோடு வைத்தியர்களை அழைத்து வருவதில்லை என்பது மட்டுமல்ல, யாரும் வந்துவிடாமலும் பார்த்துக் கொண்டார்களாம். பழைய குதிரை செத்தால்தானே புதுக் குதிரை விலைபோகும்!

வெளிநாட்டு யாத்திரிகர் சொன்னதை எல்லாம் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் இந்த ஒரு செய்தியில் வியாபார உலகத்தின் வாசனை அடிக்கிறது. ஆகவே நம்பலாம் போலிருக்கிறது. குதிரையை விலை கொடுத்து வாங்கிவிடலாம். குதிரை வைத்தியனை அப்படி வாங்க முடியாது. அவனை உண்டாக்க வேண்டும். குதிரை இல்லாமல் அவனை உண்டாக்கவும் முடியாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததெல்லாம் இவ்வளவுதான்.

உலகத்தில் மிருக வைத்தியக் கல்வியே குதிரையின் முதுகில் ஏறி வந்ததுதான். 1761-இல் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்தில் முதல் மிருக வைத்தியப் பள்ளியை நிறுவிய கிளாட் பூர்ஷலா என்பவர், குதிரையேற்றப் பள்ளி ஒன்றின் தலைவர். 1791-இல் லண்டனில் கல்லூரி ஏற்பட்டபோது அதன் முதல் பேராசிரியராக வந்த பிரெஞ்சுக்காரர் சேன்பெல், 'எக்ளிப்ஸ்' என்ற புகழ்பெற்ற பந்தயக் குதிரை இறந்தபின் அதன் உடலை அறுத்துப் பார்த்து அளந்து எழுதிப் பேர் வாங்கியவர். நம் தேசத்திலும் வெள்ளைக்காரர்கள் இந்தப் படிப்பில் அக்கறை காட்டியதற்குப் பட்டாளத்துக் குதிரைகள் முக்கியமான காரணம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் அந்தக் கல்வி பிற்பாடுதான் மனமிரங்கியது.

நம் சென்னையில் 1903-ஆம் வருஷம் வேப்பேரியில் மிருக வைத்தியக் கல்லூரி தொடங்கியது. முதல் ஆண்டில் இருபது மாணவர்கள். வகுப்பு நடந்த கட்டடத்துக்கு 'டாபின் ஹால்' என்று பெயர். ஆங்கிலேயர்கள் வண்டி இழுக்கும் சாதுவான கிழக் குதிரையைச் செல்லமாக 'டாபின்' என்று அழைப்பது வழக்கம். தற்செயலாக அமைந்த பொருத்தம்தான். இருந்தாலும் குதிரையின் பெயரைச் சொல்லிக்கொண்டு பள்ளிக்கூடம் ஆரம்பமானதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு.

அந்தக் காலத்து மாணவனுக்குக் குதிரையைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இருந்திராது. தெருவெல்லாம் குதிரை. நான் சிறுவனாக இருந்த நாட்களில்கூட மயிலாப்பூர் குளத்தங்கரையிலே ஜட்கா வண்டிகள் வரிசையாக நிற்கும். கல்யாணத்துக்குத் தியாகராய நகரம் போக வேண்டுமென்றால், பாட்டி பின்பக்கம் வைக்கோல்மேல் உட்கார, நாங்கள் முன்பக்கம் நெருக்கியடித்துக் கொள்வோம். "முன்னே வா, முன்னே வா, பாரம் தூக்குது" என்பான் வண்டிக்காரன். ஜட்காக் குதிரை நொண்டும், இருமும், சாட்டை பட்ட இடத்தில் புண்ணாகி ஈ மொய்க்கும். ஒரு நோய் பாக்கியில்லாமல் எல்லாம் அந்தப் பிராணிகளிடம் இருந்தன. வைத்தியம் படிக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய புத்தகசாலை ஏது?

ஜட்கா போயிற்று. போனதற்காக நான் கண்ணீர் விடவில்லை. அந்தக் குதிரைகளின் விலா எலும்பை எண்ணிப் பார்த்தவர்கள் யாரும் விடமாட்டார்கள். ஆனால் அதோடு அந்தப் புத்தகசாலையும் மூடிவிட்டது.

எனக்கு நண்பர் ஒருவர் இருக்கிறார். சர்க்கார் மிருக வைத்தியராக இருந்து ஓய்வு பெற்று மந்தைவெளியில் வசிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்றவர்கள் கபாலி கோயிலுக்கோ காப்பிக்கடைக்கோ போகும் நேரத்தில், அவர் ஒரு பழைய தோல்பையும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் எடுத்துக்கொண்டு கலங்கரை விளக்கத்துப் பக்கம் கிளம்பிவிடுவார். கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சவாரி போகிற குதிரைகள் இருக்கின்றன அல்லவா? அவற்றைக் கட்டி வைத்திருக்கும் சந்துகள் அவருக்குத் தெரியும். காசு வாங்குவதில்லை. அதற்குப் பதிலாக அவர் குதிரைக்காரர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: தம்மோடு வரும் மாணவர்களும் குதிரையைத் தொட்டுப் பார்க்க அனுமதிக்க வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு பேருக்குமேல் அழைத்துப் போகமாட்டார்.

சில வருஷங்களுக்கு முன்பு எங்கள் மாடியில் குடியிருந்தவரின் மகள் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் மிருக வைத்தியம் படித்துக் கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தவள், "மாமா, உங்கள் சிநேகிதரிடம் என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்களேன். மாட்டையும் நாயையும் பார்த்த அளவுக்கு நான் குதிரையைப் பார்த்ததில்லை" என்று கேட்டாள். சொன்னேன். எப்படித்தான் கற்றுக் கொடுக்கிறார் என்று பார்க்கும் ஆசையில் நானும் கூடப் போனேன்.

சந்தின் கோடியில், கீற்றுக் கொட்டகையில், பழுப்பு நிற மட்டக் குதிரை ஒன்று தலையைத் தொங்கவிட்டு நின்றது. குதிரைக்காரப் பையனுக்கு இருபது வயதுக்குள்தான் இருக்கும். முகத்தில் தூக்கமில்லை.

"ராத்திரிலேர்ந்து ஒண்ணும் துன்னல டாக்டரு. வவுத்தத் திரும்பித் திரும்பிப் பாக்குது. காலால ஒதைச்சிக்குது" என்றான்.

மாடிவீட்டுப் பெண் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். நண்பர் அவளைத் தடுத்தார்.

"கிட்டப் போகாதேம்மா. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா பார். அது எதைச் சொல்லப் போகிறதோ அதை முதலில் சொல்லட்டும்."

பார்த்தாள். நானும் பார்த்தேன். குதிரை முன்னங்காலால் தரையைப் பறித்தது. மேலுதட்டைச் சுருட்டிற்று. விலாவைத் திரும்பிப் பார்த்தது. படுக்க நினைத்து முழங்காலை மடக்கி, மறுபடி நிமிர்ந்து கொண்டது. வாய் திறந்து, 'வயிறு வலிக்கிறது' என்று சொல்லவில்லை. மற்றபடி எல்லாம் சொல்லிவிட்டது.

பிறகு நண்பர் அவளை இடது தோள் பக்கமாகப் போகச் சொன்னார். "பேசிக்கொண்டே போ. என்ன பேசினாலும் சரி, உன் குரல் அதற்குக் கேட்க வேண்டும். பின்பக்கம் போக நேர்ந்தால் கையை முதுகிலிருந்து எடுக்காமல், உடம்போடு ஒட்டிப் போ." தாடை எலும்புக்குக் கீழே, ரத்தக்குழாய் உருளும் இடத்தில் அவளுடைய விரலை எடுத்து வைத்தார். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினாள். சாதாரணமாக வளர்ந்த குதிரைக்கு நிமிஷத்துக்கு இருபத்தெட்டிலிருந்து நாற்பத்து நான்கு வரை நாடி அடிக்கும். இதற்கு அறுபது. ஈறை விரலால் அழுத்தி, வெளுத்த இடம் எத்தனை வினாடியில் சிவக்கிறது என்று பார்த்தாள். இரண்டு வினாடிக்குள் சிவந்தால் பயமில்லை. வயிற்றில் வலம் இடம், மேல் கீழ் என்று நாலு இடங்களில் குழலை வைத்துக் கேட்டாள். குடல் சத்தம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று சொல்ல வேண்டும். அவள் சொன்னாள், நண்பர் தாமும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தரையில் கிடந்த சாணத்தில் கொஞ்சம் எடுத்து ஒரு ரப்பர் கையுறைக்குள் போட்டார். தண்ணீர் விட்டுக் குலுக்கி, விரல்கள் கீழ்நோக்கித் தொங்கும்படி ஆணியில் மாட்டினார். கால் மணி கழித்து ஐந்து விரல்களின் நுனியிலும் மணல் படிந்திருந்தது. சுத்தமான கடற்கரை மணல்.

"எங்கேடா தீனி போடுகிறாய்?" என்று கேட்டார்.

"கீழதான் சார்."

வேலை முடிந்து வரும் குதிரைக்குப் புல்லை மணல்தரையில் கொட்டுகிறான் பையன். புல்லோடு மணலும் போகிறது. நாள் கணக்கில் குடலில் தங்கிக் கனக்கிறது. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. அதன் உடம்பின் அமைப்பு அப்படி. உள்ளே போனது பின்வழியாக வெளியே வந்தாக வேண்டும், அல்லது குதிரை போய்ச்சேர வேண்டும். வயிற்றுவலி என்று நாம் அலட்சியமாகச் சொல்கிறோமே, அதில்தான் அநேகம் குதிரைகள் சாகின்றன.

நண்பர் வலிக்கு ஊசி போட்டுவிட்டு, மூக்கு வழியாக நீண்ட குழாய் ஒன்றைச் செலுத்தினார். அந்தப் பெண்ணைக் கழுத்தின் இடப்பக்கம் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். குதிரை விழுங்கும்போது குழாய் உணவுக்குழலில் இறங்குவது அங்கே விரலுக்குத் தட்டும். தட்டாவிட்டால் குழாய் மூச்சுக்குழலுக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே மருந்தை ஊற்றினால் மருந்தே எமனாகிவிடும். "தட்டுகிறதா?" என்றார். "தட்டுகிறது சார்" என்றாள். "சந்தேகம் இருந்தால் சொல்லு. வெளியே இழுத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்போம். அதில் வெட்கமில்லை." "இல்லை சார், நன்றாகத் தட்டுகிறது." அதற்குப் பிறகுதான் தண்ணீரும் இசப்கோலும் உள்ளே போயின. ஆம், நம் வீட்டுப் பெரியவர்கள் இரவில் பாலில் கலந்து சாப்பிடுகிறார்களே, அதே இசப்கோல்தான்!

மத்தியானத்துக்குமேல் குதிரை தெளிந்தது. மறுநாள் மணல் மணலாகக் கழிந்ததாகப் பையன் வந்து சந்தோஷமாகச் சொன்னானாம். நண்பர் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி வாங்கிக் கொடுத்து, அதில்தான் தீனி போட வேண்டும் என்று கண்டித்துவிட்டு வந்தார்.

திரும்பி வரும்போது அந்தப் பெண் ரொம்ப நேரம் பேசவில்லை. சாந்தோம் தாண்டியதும், "புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது மாமா. ஆனால் தட்டுகிறது என்று போட்டிருக்கிறதே தவிர, எப்படித் தட்டும் என்று போடவில்லை" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்தில் கல்வியின் சங்கடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மிருக வைத்தியப் பட்டப்படிப்பு, 2016-ஆம் வருஷத்து விதிகளின்படி ஐந்தரை ஆண்டு. கடைசி ஓர் ஆண்டு முழுவதும் கைப்பயிற்சி. அந்த ஓர் ஆண்டில் மாடு, எருமை, ஆடு, நாய், பூனை, கோழி எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். குதிரைக்கு என்ன மிஞ்சும்? 'மாட்டைத் தெரிந்தால் குதிரையும் தெரிந்த மாதிரிதானே' என்று யாராவது நினைத்தால் அது பெரிய ஆபத்து. மாடு முன்வயிற்றிலே நொதிக்க வைத்து அசை போடுகிறது. குதிரை பின்குடலிலே நொதிக்க வைக்கிறது. மயக்கத்துக்குக் கொடுக்கும் ஸைலஸின் என்ற மருந்து, குதிரைக்குத் தேவைப்படும் அளவில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். குதிரையின் அளவை மாட்டுக்குக் கொடுத்தால் மாட்டின் கதி அதோகதி. மாட்டுத் தீவனத்தில் நல்லதற்கென்று கலக்கும் மோனென்சின், குதிரைக்கு விஷம். மாட்டின் வயிற்றுக்குள்ளே கைவிட்டுப் பார்க்க ஒரு வகுப்பே வரிசையில் நிற்கலாம், மாடு பொறுத்துக்கொள்ளும். குதிரையின் மலக்குடலோ மெல்லியது. பழகாத கை ஒன்று முரட்டுத்தனமாக அசைந்தால் கிழிந்துவிடும். கிழிந்தால் பெரும்பாலும் பிழைக்காது. ஆகவே ஒரு குதிரையிடம் இருபது மாணவர்களைப் பழகவிட மனசாட்சியுள்ள எந்த ஆசிரியரும் துணியமாட்டார். துணியாததும் நியாயம், ஆனால் பழகாதவன் பழகுவது எப்படி?

இதற்கு வெளிநாடுகளில் ரப்பர் குடல் வைத்த பொம்மைக் குதிரைகள் செய்திருக்கிறார்கள். நல்ல யோசனை. முதல் பத்துத் தவறுகளையும் பொம்மையின் வயிற்றிலேயே செய்து தீர்த்துவிடலாம். ஆனால் மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது என்று நம் முன்னோர் சொல்லியிருக்கிறார்கள். ரப்பர் குதிரைக்கும் அது பொருந்தும். பொம்மை பயப்படாது. வலிக்கிறது என்று விலாவைத் திரும்பிப் பார்க்காது. உதைப்பதற்கு முன்னால் காதைப் பின்னுக்கு மடிக்காது. கரையில் நின்று கை வீசப் பழகலாம். தண்ணீரில் இறங்கும்போது உயிருள்ள குதிரை வேண்டும்.

அந்த உயிருள்ள குதிரைதான் நம் கண்ணெதிரே குறைந்துகொண்டு வருகிறது. கால்நடைக் கணக்கெடுப்பின்படி 2012-இல் நாடு முழுவதும் ஆறேகால் லட்சம் குதிரைகளும் மட்டக் குதிரைகளும் இருந்தன; 2019-இல் எண்ணியபோது மூன்று லட்சத்து நாற்பதாயிரம்தான். ஏழு வருஷத்தில் ஏறக்குறையப் பாதி. சென்னையில் நூற்றுக்கணக்கான குதிரைகளை ஓரிடத்தில் பார்க்க வேண்டுமானால் கிண்டிப் பந்தய மைதானம்தான் கதியாக இருந்தது. அந்த 160 ஏக்கர் நிலத்துக் குத்தகையை அரசு ரத்துச் செய்து, 2024 செப்டம்பரில் நிலத்தைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. விவகாரம் நீதிமன்றத்துக்கும் போயிற்று. பந்தயம் நல்லதா கெட்டதா என்ற வழக்கில் நான் நுழையப் போவதில்லை. குதிரைமேல் பணம் கட்டி வீட்டை இழந்தவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் லட்ச லட்சமாக விலைபோகும் குதிரைகள் இருக்கும் இடத்தில்தான் அவற்றின் வைத்தியமும் வளர்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

'குதிரை குறைந்தால் குதிரை வைத்தியரும் குறைந்துவிட்டுப் போகட்டுமே, இதில் என்ன நஷ்டம்?' என்று கணக்குத் தெரிந்தவர்கள் கேட்கலாம். கணக்கு சரி. வலிக்கு மட்டும் இந்தக் கணக்கு தெரியாது. ஆயிரம் குதிரைகள் இருந்தபோது ஒரு குதிரைக்கு எவ்வளவு வலித்ததோ, நூறு மிஞ்சும்போதும் அதற்கு அவ்வளவே வலிக்கும். அன்று கூப்பிட்ட குரலுக்கு வர ஒரு வைத்தியராவது இருந்தார். இன்று இருக்கமாட்டார் என்பதுதான் வித்தியாசம். மிஞ்சியிருப்பவையும் யாருடைய குதிரைகள்? கடற்கரையில் சவாரி விடுகிறவனுடையவை; கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறவனுடையவை. நல்ல வைத்தியரை விலை கொடுத்து அழைக்க அவர்களால் ஆகாது.

கடற்கரைச் சவாரியே கூடாது, குதிரைகளை விடுவித்துவிட வேண்டும் என்று சொல்லும் ஜீவகாருண்யர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. பிராணிகளுக்காக இந்தத் தேசம் முழுவதும் பேசிய குரலே இந்த ஊரிலிருந்து எழுந்ததுதான். அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தை நடத்திய ருக்மிணி தேவி அம்மையார் 1950-களில் ராஜ்ய சபையில் விடாமல் வாதாடியதன் பலன், 1960-ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டம். 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். தியாகராய நகரத்தில் 1959-இல் புளூ கிராஸ் தோன்றியது. இவர்கள் போட்ட வழியில் நடப்பவர்கள் கேட்பது நியாயமே. ஆனால் விடுவித்த குதிரைக்கும் குளம்பு வளரும், பல் தேயும், வயிறு வலிக்கும். சட்டம் சாட்டையைத் தடுக்கும். மூக்கில் குழாய் விடுவதற்குக் கை வேண்டும். அந்தக் கையை எந்தச் சட்டமன்றத்தாலும் நிறைவேற்றித் தந்துவிட முடியாது.

என் நண்பரின் வழி எனக்குச் சரியென்று படுகிறது. குதிரையைக் கல்லூரிக்கு அழைக்காமல், கல்லூரியைக் குதிரை இருக்கும் சந்துக்குக் கொண்டு போகிறார். வாரந்தோறும் அதே சந்து, அதே குதிரைகள், இரண்டே மாணவர்கள். நோயில் மட்டுமன்றிச் சுகமாக இருக்கும்போதும் அவர்கள் அந்தக் குதிரைகளைப் பார்க்கிறார்கள். நல்ல குடலின் சத்தத்தை நூறு தடவை கேட்டவனுக்குத்தான் கெட்ட குடலின் மௌனம் கேட்கும். குதிரைக்காரனுக்கு வைத்தியம் இலவசம். ஆனால் இதைத் தர்மம் என்று யாராவது சொன்னால் நண்பருக்குக் கோபம் வரும். "தர்மமாவது! இது பள்ளிக்கூடச் சம்பளம் ஐயா. பாடம் சொல்லிக் கொடுப்பது குதிரை. கொள்ளும் மருந்தும் அதற்குத் தரவேண்டிய சம்பளம்" என்பார். வாரத்தில் ஒரு நாள், ஊருக்கு நாலு சந்து என்று கல்லூரிகளும் சர்க்காரும் இதைச் செய்தால் பெரிய செலவொன்றும் ஆகிவிடாது. வேண்டியதெல்லாம் ஒரு வாளி, ஒரு குழாய், அவசரப்படாத ஓர் ஆசிரியர்.

மாடிவீட்டுப் பெண் படிப்பை முடித்து, இப்போது கொங்கு நாட்டில் ஒரு சிறிய ஊரில் சர்க்கார் மருந்தகத்தில் வேலை பார்க்கிறாள். அந்தப் பக்கத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் பெரிய குதிரைச் சந்தை கூடும் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். போன ஆடியில் அவளிடமிருந்து கடிதம் வந்தது. சந்தைக்குப் போகிற வழியில் ஒருவர் தம் குதிரை நடக்கவில்லை என்று மருந்தகத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாராம். அன்றைக்கு வந்திருந்த மாட்டுக்காரர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்கச் சூழ்ந்து கொண்டார்களாம்.

'நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டே நின்றேன், மாமா. டாக்டரம்மாவுக்குப் பயம் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். குதிரை இடது முன்னங்காலை ஊன்றும்போதெல்லாம் தலையை மேலே தூக்கியது. குளம்பைத் தூக்கிப் பார்த்தேன். லாடத்து ஆணி ஒன்று சதையில் இறங்கியிருந்தது. பிடுங்கிச் சுத்தம் செய்து, தனுர்வாத ஊசியும் போட்டேன். மூன்றாம் நாள் சந்தைக்கு நடந்தே போயிற்று' என்று எழுதியிருந்தாள்.

கடிதத்தை நண்பரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. தோல்பையைத் திறந்து கையுறைகள் எத்தனை மிச்சமிருக்கின்றன என்று எண்ணத் தொடங்கினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.